களிம்பு பிடித்த குரல்

ஒரே பொருளுக்கு இரண்டு ரசீது கேட்டவர்களை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

கேட்டவர்கள் ஒரு அண்ணனும் தங்கையும். அண்ணன் ஒரு பழைய கம்ப்யூட்டரைப் படுக்கை விரிப்பில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் மாடிப்படியில் ஏறி வந்தார். தங்கை வேறு வண்டியில் பின்தொடர்ந்து வந்து, அவருக்குச் சற்றுத் தள்ளியே ஏறினார். நடுப்படியில் அண்ணன் மூச்சு வாங்க நின்றபோது தங்கையும் நின்றார். ஒரு கை கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. கண்ணை மட்டும் அந்த மூட்டையை விட்டு எடுக்கவில்லை.

“ஆளுக்கு ஒரு ரசீது போட்டுடுங்க மேடம்,” என்றார் அண்ணன்.

“பொருள் ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான். ஆனா இவங்க மட்டும் தனியா வந்து கேட்டா கொடுக்கக் கூடாது.”

“இவர் வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது,” என்றார் தங்கை. “ரெண்டு பேரும் சேந்து வந்தாத்தான்.”

கூடப் பிறந்தவர்கள் ஒருவரை ஒருவர் ‘இவங்க’, ‘இவர்’ என்று சுட்டிக்கொண்டதிலேயே எனக்குப் பொறி தட்டிவிட்டது. சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். தொழில் அதற்குத் தீனி போட்டு வளர்த்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர், பழைய ரேடியோ, பழைய கீபோர்டு என்று மற்றவர்கள் கைவிட்டதையெல்லாம் பழுது பார்க்கிறேன். உடைந்த பொருளோடு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு பொய்யையும் சேர்த்துத்தான் கொண்டுவருகிறார்கள். தண்ணீருக்குள் முக்கி எடுத்ததை மேசைமேல் வைத்து, “சும்மாதான் இருந்துச்சு, தானா நின்னுபோச்சு” என்பார்கள். திருகைத் திறந்தால் உள்ளேயிருந்து சொட்டும். கீழ்க்கடையில் ரிமோட்டும் சார்ஜரும் விற்கிற என் வீட்டுக்காரர், “உன்கிட்ட வர்றவன் எல்லாம் குற்றவாளி, நீ ஒருத்திதான் ஜட்ஜு” என்று கேலி பேசுவார். பேசட்டும். அவரிடம் சார்ஜர் வாங்குகிறவன் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

விரிப்பைப் பிரித்தேன். திரையும் உடம்பும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய, தலையில் கைப்பிடி வைத்த மாடல். கீபோர்டில் ஒவ்வொரு விசைமேலும் தமிழ் எழுத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டி, அதன்மேல் டேப் போட்டிருந்தார்கள். சில எழுத்துகள் விரல் பட்டுப் பட்டு மங்கியிருந்தன.

“இதை வச்சு என்ன பண்றாங்க?” என்று கேட்டேன்.

“எங்கம்மா பேசறாங்க,” என்றார் தங்கை.

மாறி மாறி, ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்தி, அவர்கள் சொன்னதன் சாரம் இது. இவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தாயாருக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. தகப்பனார் எலக்ட்ரானிக்ஸ் ஆள். ஒலிகளைக் கோத்துப் பேசுகிற ஒரு சிப்பை எங்கிருந்தோ வரவழைத்து, இந்தப் பெட்டியின் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைத்து, அதற்குத் தமிழும் கற்றுக்கொடுத்தார். அம்மா தட்டினால் பெட்டி பேசும். ஜலதோஷம் பிடித்த ஆண்பிள்ளையின் குரல்.

“எங்களைத் திட்டினது, கொஞ்சினது எல்லாம் அந்தக் குரல்தான்,” என்றார் அண்ணன். அதைச் சொல்லும்போது மட்டும் தங்கை அவரைத் திருத்தவில்லை.

தகப்பனார் காலமாகிவிட்டார். அம்மா தன் வீட்டில் தனியாக இருக்கிறார். அண்மையில் குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். இனி தனியாக விட முடியாது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. யார் வீட்டில் என்பதில்தான் சண்டை. தன்னோடுதான் வர விரும்புகிறார் என்று அண்ணனும் சொல்கிறார், தங்கையும் சொல்கிறார்.

“அவங்களையே எழுதிக் காட்டச் சொல்றதுதானே?”

“எழுதினாங்க,” என்றார் அண்ணன். “பக்கத்துல இவங்க உக்காந்திருந்தாங்க. கையைப் பிடிச்சு எழுத வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

“இவர் புதுசா ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தார்,” என்றார் தங்கை. “தேன் மாதிரி பேசுது. இவர் போன்லேருந்து எதை அனுப்பினாலும் அதையும் பேசும். அதை நான் எப்படி நம்பறது?”

ஆக, அந்தக் குடும்பத்தில் இருவரும் நம்புகிற ஒரே நாக்கு இந்தப் பெட்டி. இதற்கு வெளியுலகத் தொடர்பு கிடையாது. அம்மா தட்டினால் ஒழிய வாய் திறக்காது. எல்லோரும் கூடி உட்கார்ந்து, அம்மா இதில் தன் முடிவைச் சொல்வதாக ஏற்பாடு. அதற்கு முன்பே பெட்டி செத்துவிட்டது.

“உள்ள பேட்டரி ஒழுகியிருக்கும் மேடம். பழசு இல்லையா,” என்றார் அண்ணன். அவர் லிஃப்ட் மெக்கானிக். தங்கை பள்ளிக்கூட டீச்சர். போவதற்கு முன் டீச்சர் கைப்பையிலிருந்து வெள்ளைக் காகிதப் பட்டை எடுத்து, பெட்டியின் இணைப்பின் குறுக்கே ஒட்டி, கையெழுத்துப் போட்டார். லிஃப்ட்காரர் அதன் பக்கத்திலேயே தன் கையெழுத்தைப் போட்டார்.

“இதைக் கிழிக்காம நான் எப்படிங்க திறக்கறது?” என்றேன்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை யோசித்திருக்கவில்லை. கடைசியில் இருவர் முன்னிலையிலும் பட்டையைக் கிழித்தேன். அதை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த மாடலைத் திறப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. இரண்டு திருகுகள் கைப்பிடிக்குள் ஆழத்தில் ஒளிந்திருக்கும். முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் எட்டாது. அந்தத் திருகுகளின் தலையில் புதிதாகக் கீறல் இருந்தது. கீறலில் இன்னும் பளபளப்பு மங்கவில்லை. பழைய கீறல் கறுத்திருக்கும். ‘யாரும் திறக்கவே இல்லை’ என்று லிஃப்ட்காரர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார்.

போர்டை உருவி விளக்கின் கீழ் வைத்தேன். நடுவில் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு பூத்திருந்தது. செம்புத் தடங்கள் பல இடங்களில் அரித்து அறுந்திருந்தன. உதிரி பாகங்களின் சின்னச் சின்னக் கால்கள் தொட்டால் பொடியாக உதிர்ந்தன. பேட்டரி ஒழுகினால் இப்படித்தான் ஆகும் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். நானும் முதல் பார்வையில் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகுதான் உறுத்தியது. இந்தப் பெட்டிக்குள் போர்டு சுவரோடு சுவராக நிமிர்ந்து நிற்கும். பேட்டரி அதன் அடிமூலையில் இருக்கிறது. ஒழுகினால் கீழேதான் வழிய வேண்டும். இங்கே களிம்பு பேட்டரிக்கு ஒரு சாண் மேலே, நடு போர்டில், வட்டமாகத் தேங்கிக் காய்ந்த அடையாளத்தோடு இருந்தது. திரவம் மேல்நோக்கி ஏறிப் போய் வட்டமாக உட்காராது. யாரோ போர்டை வெளியே எடுத்து, மேசையில் படுக்கப் போட்டு, ஊற்றியிருக்கிறார்கள்.

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். களிம்பின் ஓரத்தில் சதுரச் சதுரமாகப் பொடிப்பொடிக் கட்டிகள் மின்னின. உப்பு. மூக்கைக் கொண்டுபோனேன். மங்கலாக வினிகர் வாசனை. உப்பும் வினிகரும் சேர்ந்தால் செம்பு என்ன பாடுபடும் என்று தெரிந்த கை.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு பொம்பளையின் வாயை இப்படி அடைக்க யாருக்கு மனசு வரும்? முடிவு தனக்குச் சாதகமாக வராது என்று பயந்த ஒருத்தர்தான் இதைச் செய்திருக்க வேண்டும். யார் என்பதுதான் கேள்வி. லிஃப்ட் மெக்கானிக்கிடம் முழங்கை நீள ஸ்க்ரூ டிரைவர் இல்லாமலா இருக்கும்? எனக்குப் பெரிதாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் கழுவத் தொடங்கியதும் கணக்கு குழம்பியது. மெல்லிய தூரிகையால் தேய்த்து, தண்ணீரும் பிறகு ஸ்பிரிட்டும் விட்டு அலசி, களிம்பை நீக்கிக்கொண்டே போனேன். பேசும் சிப்பை நெருங்கியதும் களிம்பு சட்டென்று நின்றது. சிப்பைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குச் செம்பு புத்தம் புதிதாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன். கண்ணாடி போல ஒரு மெல்லிய தோல் உரிந்து வந்தது. நிறமில்லாத நெயில் பாலிஷ். தகப்பனார் பற்றவைத்த ஒவ்வொரு கால்மேலும் பொறுமையாகப் பூசியிருந்தார்கள்.

டீச்சரின் விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. வெளிர் ரோஜா நிறத்தில், ஓரம் பிசகாமல் பூசிய நகங்கள். காகிதப் பட்டையை எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினார்.

ஸ்க்ரூ டிரைவர் அண்ணனைக் காட்டியது, நெயில் பாலிஷ் தங்கையைக் காட்டியது. இருவரும் சேர்ந்து செய்தார்கள் என்றால் சிரிப்பு வருகிறது. ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு முனையைக்கூட அவர்கள் சேர்ந்து மடிக்க மாட்டார்கள்.

இதற்கிடையில் போன்கள். காலையில் லிஃப்ட்காரர் கூப்பிடுவார். “சும்மாதான் மேடம். அவங்க யாராவது பேசினாங்களா?” சாயங்காலம் டீச்சர். “தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்கக்கா. அவர் அங்க வந்தாரா? நான் கேட்டதா சொல்ல வேண்டாம்.” இரண்டு பேருமே தினமும் அம்மா வீட்டிலிருந்துதான் பேசினார்கள். தான் இல்லாத நேரத்தில் மற்றவர் அம்மாவின் மனசைக் கலைத்துவிடுவாரோ என்று, அண்ணன் வேலைக்குப் போகும் முன்பும் தங்கை பள்ளி விட்டதும் அங்கே ஆஜர்.

எனக்குப் பொறுக்கவில்லை. நாக்கைக் கட்டுப்படுத்திப் பழக்கமும் இல்லை. லிஃப்ட்காரரிடம் போனில் சொன்னேன்: “பேட்டரி ஒழுகல. யாரோ வேணும்னே ஊத்தியிருக்காங்க.” அவர் தடுமாறுவார், குரல் மாறும், பிடித்துவிடலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

“எனக்குத் தெரியும் மேடம்,” என்றார் உடனே. “அவதான். எங்கூட வரேன்னு அம்மா சொல்லிடுவாங்கன்னு அவளுக்குப் பயம்.”

சாயங்காலம் டீச்சரிடமும் அதையே சொன்னேன். மூச்சு விடுகிற நேரம்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை. “அவர் எதையும் செய்வார்க்கா. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்.”

போனை வைத்தேன். சந்தேகப்படுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நினைத்திருந்தவள் நான். ஆனால் நான்கூட அந்த அண்ணனையும் தங்கையையும் சந்தேகிக்கும் முன் உப்பைப் பார்த்தேன், மோந்து பார்த்தேன், சுரண்டிப் பார்த்தேன். அவர்களுக்கு எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ‘சேச்சே, அவ அப்படிச் செய்ய மாட்டா’ என்று ஒரு வார்த்தை. அது இரண்டு பக்கத்திலிருந்தும் வரவில்லை. பெற்ற தாய் இதைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று நினைத்தேன்.

கோபத்தை வேலையில் காட்டினேன். அரித்த கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிவிட்டுப் புதியவற்றை வைத்தேன். அறுந்த ஒவ்வொரு தடத்துக்கும் தலைமுடியளவு மெல்லிய கம்பியை வெட்டி, ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பாலம் போட்டேன். ஒவ்வொன்றையும் மீட்டரால் தொட்டு, அது ‘பீப்’ என்ற பிறகே அடுத்ததற்குப் போனேன். போர்டின் உள்ளடுக்கில் ஒரு தடம் அறுந்திருந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் தலை கிறுகிறுத்துப் போனேன். என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டோடு மாடிக்கு வந்து, “ஜட்ஜம்மா, தீர்ப்பு எப்போ?” என்றார். தட்டை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

ஒரு முற்பகலில் திரை வெளுத்தது. பெட்டி ஒரு முறை கனைத்தது. நான் ‘அ’ விசையைத் தட்டினேன். மூக்கடைத்த குரல் “அ” என்றது.

அதே நேரம் வாசலில் நிழல் ஆடியது. ஒரு வயதான பெண்மணி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் நான் மகனுக்கு எழுதிய ரசீதோடு நின்றிருந்தார். கழுத்தில், புடவைத் தலைப்பு மறைக்காத இடத்தில், பழைய தழும்பு. மகன் மேசைமேல் வைத்துவிட்டுப் போன ரசீதிலிருந்து முகவரி பார்த்துத் தனியாக வந்திருக்கிறார் என்று புரிந்தது.

“உக்காருங்கம்மா,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவர் உட்காரவில்லை. பெட்டியைப் பார்த்தார். நான் மூடியைத் திரும்ப மாட்டாமல் பின்பக்கம் திறந்தே வைத்திருந்தேன். அதனுள் குனிந்து, நான் போட்ட கம்பிப் பாலங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. தண்டனைக் காகிதம் கைக்கு வந்தவர் போல ஒரு வாட்டம். பிறகு மேசைமேல் கிடந்த நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். மூடியைத் தானே பொருத்தினார். ஸ்க்ரூ டிரைவரைக் கைப்பிடிக்குள் விட்டார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, தடவவில்லை. நுனி நேராகப் போய்த் திருகின் தலையில் உட்கார்ந்தது. எனக்கே அந்தத் திருகு மூன்றாவது முயற்சியில்தான் கிடைக்கும்.

சட்டென்று எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“அம்மா,” என்றேன். “நீங்கதானா?”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, கீபோர்டை மடியருகே இழுத்தார். விரல்கள் வேகமாக ஓடின.

“நெயில் பாலிஷ் அவளோடது. ஸ்க்ரூ டிரைவர் அவனோடது. கை என்னுது,” என்றது பெட்டி.

பல வருஷம் கணவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து அவர் பற்றவைக்க இவர் பிடித்துக்கொடுத்தவராம். குளியலறையில் கைப்பிடி மாட்ட வந்த மகன் விட்டுப்போன பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்திருக்கிறார். மகள் மறந்து வைத்த பாட்டிலிலிருந்து நெயில் பாலிஷை எடுத்துச் சிப்பின் கால்களை மூடியிருக்கிறார்.

“நிறுத்தத்தான் நினைச்சேன். சாகடிக்க இல்ல. அது அவர் வச்ச சிப்பு.”

“ஏம்மா இப்படி?” என்றேன். “மனசுல இருக்கறதைச் சொல்லிட்டுப் போறதுதானே.”

“சொன்னா ஒருத்தர்தான் மிச்சம்.” பெட்டி ஒரே சீராக, ஏற்ற இறக்கம் இல்லாமல் பேசியது. “மகன் வீடுன்னு சொன்னா மகள் வரமாட்டா. மகள் வீடுன்னா மகன் வரமாட்டான். ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும். இது கெட்டதுலேருந்து ரெண்டு பேரும் தினம் வர்றாங்க.”

“ஒருத்தரை ஒருத்தர் வேவு பாக்க வர்றாங்கம்மா.”

“தெரியும். வர்றாங்க இல்ல?”

அவர் தொடர்ந்து தட்டினார்.

“எனக்கு என் வீடு போதும். அதையும் சொல்ல முடியாது. யார் சொல்லிக்கொடுத்ததுன்னு அவங்களுக்குள்ள அடிச்சுக்குவாங்க. ரிப்பேர் பண்ண முடியலன்னு சொல்லிடும்மா.”

“அது மட்டும் என்னால முடியாதுங்க,” என்றேன். வாய் முந்திக்கொண்டது. சரி பண்ணிய பொருளைச் சரியாகவில்லை என்று சொல்வது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற காரியம். அவர் கோபப்படவில்லை. என் கம்பிப் பாலங்கள் இருந்த பக்கம் பார்த்துவிட்டு, தலையை மெல்ல ஆட்டினார். புரிந்துகொண்டது போலத்தான் இருந்தது.

அப்போதுதான் படியில் தடதடவென்று காலடிச் சத்தம். அண்ணன் முன்னால், தங்கை பின்னால். வீட்டில் அம்மாவைக் காணோம் என்று பக்கத்து வீட்டார் இருவருக்கும் போன் செய்திருக்கிறார்கள். மற்றவர்தான் அம்மாவை இங்கே கடத்திக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று இரண்டு பேருமே முடிவு கட்டி ஓடி வந்திருக்கிறார்கள்.

“நீதானே கூட்டிட்டு வந்தே? எனக்குத் தெரியாம ரெடி ஆயிடுச்சா?” என்றார் அண்ணன்.

“நான் இப்பதான் வண்டியை விட்டு இறங்கறேன். நீங்க ஏற்கெனவே படியில இருந்தீங்க. யார் கூட்டிட்டு வந்ததுன்னு நான் கேக்கணும்.”

“போதும்,” என்றது பெட்டி.

இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அந்தக் குரலை அவர்கள் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. டீச்சரின் கண்ணில் தண்ணீர் முட்டியது. லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு நொடி, இருவரும் அடிவாங்கப் போகிற பிள்ளைகளாகத் தெரிந்தார்கள்.

அந்த அம்மா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தட்டினார். இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக.

“யாரும் கெடுக்கல. நான்தான் கெடுத்தேன். உப்பும் வினிகரும் ஊத்தினேன். நான் ரெண்டு வீட்டுக்கும் வரல. என் வீட்ல இருக்கேன். நீங்க வந்து போங்க. ரெண்டு பேரும்.”

இதோ, பெற்ற தாய் நெஞ்சைத் திறந்து கொட்டிவிட்டார், இனி இருவரும் காலில் விழுவார்கள் என்று நான் நினைத்தேன். என்னைப் போன்ற சந்தேகப் பிராணிக்கே அப்படித் தோன்றியது.

லிஃப்ட்காரர் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“மேடம், இதுல என்ன பண்ணீங்க?”

“என்ன பண்ணேன்னா?”

“எங்கம்மா இப்படிப் பேச மாட்டாங்க. அப்பா செஞ்ச பொருள்ல அவங்க உப்புத் தண்ணி ஊத்துவாங்களா?”

டீச்சர் பெட்டியருகே வந்து அதன்மேல் கைவைத்தார். “குரலே மாறியிருக்கு அண்ணா,” என்றார். அவர் வாயிலிருந்து ‘அண்ணா’ வந்ததை நான் முதல்முறையாகக் கேட்டேன். “அம்மா தட்டினது வேற, இது பேசறது வேற. எனக்கு நல்லாத் தெரியுது.”

“ஆமாம்மா. எனக்கும் அப்படித்தான் தோணுது. எதையோ மாத்தியிருக்காங்க.”

“அம்மாவைத் தனியா வரவழைச்சு வச்சிருக்காங்க, பாருங்க. இவங்களுக்கு என்ன வேணுமாம்?”

என் காது இரண்டும் சுட்டது. என்னைப் பார்த்து, என் பட்டறையில் நின்று, என் வேலையையே சந்தேகப்படுகிறார்கள். கழுவும் முன் பூதக்கண்ணாடி வழியாக எடுத்த படங்கள் என் போனில் இருந்தன. உப்புக் கட்டி, வட்டக் கறை, உரிந்த நெயில் பாலிஷ், ஒவ்வொன்றாகக் காட்டி இருவர் வாயையும் அடைத்திருக்கலாம். போனைக் கையில் எடுத்தே விட்டேன்.

இருவருக்கும் பின்னாலிருந்து அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிள்ளைகள் தோளோடு தோள் உரச நின்றிருந்தார்கள். அவர் பார்வை அந்தத் தோள்களுக்குப் போய் என்னிடம் திரும்பியது. கை உயர்ந்தது. உள்ளங்கை என் பக்கம் விரிந்தது. வேண்டாம் என்று தலையசைத்தார். கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கவில்லை. உண்மையைச் சொல்லி, பெற்ற பிள்ளைகளாலேயே நம்பப்படாத ஒரு மனுஷி, பிள்ளைகளைச் சேர்த்து நிறுத்திய அந்த நம்பாமையையே பிடிமானமாக வைத்துக்கொள்ளப் போகிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது.

போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

“ஆமாங்க,” என்றேன். “போர்டுல நிறைய மாத்த வேண்டியதாப் போச்சு. இனிமே அது என்ன பேசும்னு நான் கேரண்டி கொடுக்க முடியாது.”

பொய்யை இவ்வளவு சுலபமாகச் சொல்ல வரும் என்று நான் நினைத்ததில்லை.

“பாத்தியா,” என்றார் லிஃப்ட்காரர் தங்கையிடம். “இனிமே இதை நம்பி அம்மாகிட்ட எதையும் கேக்க முடியாது.”

“அப்ப என்ன பண்றது?”

“இப்போதைக்கு அவங்க வீட்லயே இருக்கட்டும். காலைல நான் வந்து பாத்துக்கறேன்.”

“ஸ்கூல் விட்டதும் நான் வந்துடறேன். ராத்திரிக்கு ஒரு ஆள் போடலாம் அண்ணா. எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க.”

“கேட்டுப் பாரு.”

அந்த அம்மா பெட்டியின் ஸ்விட்சைத் தானே அணைத்தார். மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வாசலில் அந்த அம்மா நின்று திரும்பவில்லை, எனக்கு ஒரு ஜாடைகூடக் காட்டவில்லை. காட்டினால் பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள்.

நான் வெட்டிப் போட்ட கம்பித் துண்டுகளை மேசையிலிருந்து வழித்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் பார்வையை மறைத்ததால் ஒன்று விரலில் குத்தியது. கொஞ்ச நேரம் கழித்து என் வீட்டுக்காரர் மூச்சிரைக்க மேலே வந்தார்.

“என்ன நடந்துச்சு இங்க? அந்த அண்ணனும் தங்கச்சியும் வாசல்ல நின்னு நம்ம கடையைக் கிழி கிழின்னு கிழிக்கறாங்க. நீ திருடியாம், ஏமாத்துக்காரியாம். நீ சும்மாவா விட்டே?”

“சேந்து திட்டறாங்களா?” என்று கேட்டேன்.

“சேந்துதான். ஒருத்தர் விட்ட இடத்துல இன்னொருத்தர் ஆரம்பிக்கறாங்க.”

“அந்தம்மா என்ன பண்றாங்க?”

“நடுவுல நின்னு ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டிருக்காங்க. நான் போய் ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வரட்டுமா?”

“வேண்டாங்க,” என்றேன். “நல்லா திட்டட்டும்.”